செட்டு மாத்திரையும் சிவப்புக் கோடும்

"சளி, காய்ச்சல். ரெண்டு நாளைக்கு செட்டு போட்டுக் கொடுங்க." மருந்துக்கடையில் இப்படிக் கேட்டால் போதும். கடைக்காரர் மூன்று அட்டைகளை எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டு நீட்டிவிடுவார். நறுக்கிய துண்டில் பல நேரம் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. மருத்துவர் சீட்டு கேட்பதில்லை, ரசீதும் கிடையாது. அந்த மூன்றில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருப்பது சர்வசாதாரணம்.

சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக்கால் வைரஸை ஒன்றும் செய்ய முடியாது. அது கொல்வது குடலிலும் தோலிலும் வாழும் பாக்டீரியாக்களை. அவற்றில் மருந்துக்குத் தாக்குப்பிடிப்பவை பிழைத்துப் பெருகுகின்றன. அந்தத் திறனுக்கான மரபணுவைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடுகின்றன. பலரும் நினைப்பதுபோல மருந்துக்குப் பழகுவது உடம்பல்ல, கிருமி. அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கும் சாப்பிடாத பச்சைக் குழந்தைக்குக்கூட எந்த மருந்துக்கும் அடங்காத தொற்று வருகிறது. 2019இல் மட்டும் இத்தகைய தொற்றுகளால் நேரடியாக இறந்தவர்கள், உலக அளவில் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார்.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் மெரோபெனம் போன்ற வலுவான ஊசிகள் தோற்கும்போது, மருத்துவர்கள் கொலிஸ்டினை எடுக்கிறார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்பி வந்திருக்கிறது. உயிர் காக்கும் அந்தக் கடைசி மருந்தைத்தான், கோழிகள் சீக்கிரம் கொழுக்க வேண்டுமென்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். இந்திய அரசு அதைத் தடைசெய்தது 2019 ஜூலையில்தான். பெருந்தாமதம் அது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட பல மருந்துகள் 2014 மார்ச் முதல் 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. இவற்றை விற்கும் கடை, நோயாளி, மருத்துவர் பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் தொடக் கூடாத மருந்து என்று அர்த்தம். கேரளத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் 2024இல் கடைகளில் திடீர் சோதனைகள் நடந்தன. மனமிருந்தால் நடைமுறைப்படுத்த முடியும்.

"இந்த மருந்து எந்தக் கிருமிக்கு? கல்ச்சர் டெஸ்ட் தேவையா?" என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. சிறுநீரிலோ ரத்தத்திலோ உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆனால் எந்த மருந்து வேலை செய்யும் என்று அது காட்டிவிடும். சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

கடையில் பெயரும் தேதியும் தெரிகிற அட்டையை, ரசீதோடு கேட்டு வாங்குங்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிற கடையைப் பற்றி உங்கள் பகுதி மருந்துகள் ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். ரசீது தர மறுத்தால் அதையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.