பற்றுச்சீட்டு இல்லாத சுற்றுலா: வத்தேகமவிலிருந்து கண்டிக்கும் நக்கிள்ஸுக்கும்

விடுமுறை நாட்களில் வத்தேகமவிலிருந்து ஒரு சாரார் தலதா மாளிகை, கண்டி வாவி, பேராதனைத் தாவரவியல் பூங்கா என நகருக்கு இறங்க, மற்றொரு சாரார் பன்வில, ஹுலுகங்கை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறுகின்றனர். கண்டிப் புனித நகரம் 1988-இலும், நக்கிள்ஸை உள்ளடக்கிய மத்திய மலைநாடு 2010-இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன என்பதைப் பெருமையாக எடுத்துரைக்கும் அதிகாரிகள், ஏமாற்றப்பட்டவர் எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வைப்பதில் அதே அக்கறையைக் காட்டுவதில்லை.

இவ்வாறு ஏமாற்றப்படுவதற்குக் கண்டி - மாத்தளை வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்கள் தக்க உதாரணம். கட்டணமின்றிச் சுற்றிக் காட்டப்படும் என்று அழைத்துச் செல்லப்படுபவரின் முன்கையில் முடி அகற்றும் களிம்பு பூசப்பட்டு, தோளும் பிடித்துவிடப்பட்டு, இறுதியில் அவர் விலை ஒட்டப்படாத எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய அறையில் விடப்படுவது பலருக்கும் பழக்கமான முறை. அழைத்து வந்த சாரதிக்கு விற்பனையில் தரகு உண்டு என்பதால் அவரது பரிந்துரையை நட்பாலோசனையாகக் கொள்வது தவறு. வெட்கத்தால் வாங்கிவிட்டு, பற்றுச்சீட்டும் கேட்காமல் வந்து, பின்னர் முகநூலில் வசைபாடினால் எந்த அதிகாரியும் எதையும் செய்ய இயலாது.

2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, வர்த்தகர் விலையைக் காட்சிப்படுத்தவும், கேட்குமிடத்துப் பற்றுச்சீட்டு வழங்கவும் கடமைப்பட்டவர். பொதியில் அச்சிடப்பட்டுள்ள ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல், அது பெரஹரா நாளில் விற்கப்படும் தண்ணீர்ப் போத்தலாயினும், ஒரு ரூபாயும் கூட்டிக் கேட்க முடியாது. முறைப்பாடு எழுத்தில், கொள்வனவு நடந்து 3 மாதங்களுக்குள், அச்சபையிடம் சேர வேண்டும். கண்டி மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், அதன் மாவட்ட அலுவலகம் உண்டு, 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் தகவல் தரலாம். கடிதத்தில் கடையின் பெயர், முகவரி, திகதி, நேரம், பொருள், செலுத்திய தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பற்றுச்சீட்டின் பிரதியை மட்டும் இணைத்து, மூலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் தபாற் சீட்டையும், நேரில் கொடுத்தால் முத்திரையிடப்பட்ட மறுபிரதியையும் பெறாமல் திரும்பக் கூடாது.

வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குவது இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை (தொலைபேசி 1912). தலதா மாளிகை அருகே தாமாக வந்து பேச்சுக் கொடுப்பவரிடம் அந்த உரிம அட்டையைக் காட்டச் சொல்வதே போதுமானது. பெரும்பாலானோர் அத்துடன் விலகிவிடுவர். முச்சக்கர வண்டியாயின் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி, இலக்கத் தகட்டைப் படமெடுத்துக்கொள்வது நலம். மாகாணங்களுக்கிடையிலான தனியார் பஸ்களைப் பற்றிய முறைப்பாடு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு (1955) உரியது; வத்தேகம - கண்டி போன்ற மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸைப் பற்றி அங்கே முறையிட்டால், காலம் வீணாவதைத் தவிர வேறெதுவும் நடவாது, அதற்கு மாகாண அதிகார சபையையே நாட வேண்டும். எங்கு முறையிடச் சென்றாலும் பஸ் டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

திருட்டோ மோசடியோ நடந்தால் பொலிஸ் நிலையமே முதலிடம், ஆனால் தமிழ் பேசுவோர் அதிகம் தவறுவதும் அங்கேதான். சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டின் கீழ், என்ன எழுதியிருக்கிறது என்றே அறியாமல் கையொப்பமிடுவது வழக்கமாகிவிட்டது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை வழங்குகிறது. தமிழில் எழுதக் கோர வேண்டும், மறுக்கப்பட்டால் வாசித்து விளக்கச் சொல்லிய பின்னரே ஒப்பமிட வேண்டும், மறுப்பை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும். விளங்காததில் ஒப்பமிடலாகாது.

முறைப்பாடு அலுமாரியில் உறங்கினால், 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உதவும். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம், முறைப்பாட்டின் திகதியைக் காட்டி, எடுக்கப்பட்ட நடவடிக்கையின் ஆவணப் பிரதியைத் தமிழிலேயே கோரலாம்; 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். உறங்கிய கோவைகள் சில இவ்விண்ணப்பம் வந்ததுமே விழித்துக்கொள்வது விந்தையன்று.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களில் இரட்டைக் குடியுரிமை உடையோர் தேசிய அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ மறந்து வந்து, சுற்றுலா இடங்களில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தைச் செலுத்திய பின் வாயிலில் வாதிடுவதில் பயனில்லை.

பணத்துக்கு முறைப்பாடு உண்டு, நீரில் போன உயிருக்கு அது இல்லை. ஹுலுகங்கையில் இறங்கிக் குளிப்போர், தாம் நிற்குமிடத்தில் வெயில் அடித்தாலும் மேல்மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் நீர்மட்டத்தை உயர்த்தும் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும், படமெடுக்க நிற்கக் கூடாது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குப் பின்னரும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாராமல் மலையேறுவோர் உள்ளனர். மஞ்சள் விழிப்பையும், செம்மஞ்சள் வெளியேற ஆயத்தத்தையும், சிவப்பு வெளியேறுதலையும் குறிக்கும். பாததும்பர, பன்வில, உடுதும்பர ஆகிய பிரிவுகளில் எந்த நிறம் இருப்பினும் பயணத்தை ஒத்திவைப்பதே முறை. விபத்து நேர்ந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும், அனர்த்தத்துக்கு 117, பொலிஸுக்கு 119. அழைப்பவர் "நீர்வீழ்ச்சிக்கருகில்" என்று மட்டும் கூறாமல் தோட்டத்தின் பெயர், டிவிசன், கடைசியாகக் கடந்த பாலம் அல்லது கிலோமீற்றர் கல் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும், மலை மறைவில் சிக்னல் அறுந்துபோவது வழக்கமாதலால் இவற்றை அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.