பிடியரிசியும் தருமப் பெட்டியும்

ஊவா மலைச்சரிவுகளில் முதலில் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பிடியரிசி வழக்கத்தை நன்கறிந்தவை. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்திலிட்டு, அது நிறைந்ததும் கோயிலுக்கோ இரப்போருக்கோ அளிப்பர். தோட்டத்து அரிசியோ இலவசமாக வந்ததன்று. கணக்கிற் கொடுத்துப் பின்னர்ச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளப்பட்டது.

யூதக் குடும்பங்களிலும் இதற்கு இணையான வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் விளக்கேற்றுமுன், தாய் சில காசுகளை வீட்டுத் தருமப் பெட்டியிலிடுவாள். பல வீடுகளில் அக்காசைக் குழந்தையின் கையாலேயே இடச்செய்வர். எபிரேய மொழியில் இக்கொடைக்குச் 'செதாக்கா' என்று பெயர். நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது, இரக்கத்தைக் குறிப்பதன்று. ஆதலால் கொடுப்பவன் உபகாரி ஆகான். செலுத்த வேண்டியதைச் செலுத்தியவனே ஆவான். வருவாயிற் பத்தில் ஒரு பங்கு என்பது அவர்கள் போற்றிவரும் அளவு. ஸ்பெயினிற் பிறந்து எகிப்தில் வாழ்ந்து 1204-இல் மறைந்த மைமோனிடீஸ் என்னும் பேரறிஞர் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவனுக்குக் கடனோ தொழிலோ தந்து, அவன் பிறர் கையை எதிர்பாராது வாழச்செய்வதே உச்சிப்படி. மற்றொரு விதி வியப்பைத் தருவது: தருமம் பெற்று வாழும் ஏழையும் தான் பெற்றதிலிருந்து சிறிது கொடுத்தாக வேண்டும்.

பதுளை, பசறைப் பகுதித் தோட்டங்களில் சிந்திக்க வேண்டிய விதி இதுவே. லயத்து மக்களைப் பற்றிப் பேசுவோர் அவர்களை வாங்குவோராகவே எண்ணிப் பழகிவிட்டனர். பிள்ளையின் கொப்பியும் புத்தகப்பையும் எவரோ வந்து வழங்குபவை. வழங்கும்போது படமும் பிடிக்கின்றனர். எப்பொழுதும் ஏந்தும் கையாகவே வளரும் பிள்ளை, தானும் கொடுக்க உரியவன் என்பதை எங்கே கற்பான்?

கோயிற்பணம் செக்ரோலிலேயே பிடிக்கப்படுகிறதே எனலாம். நெடுங்கால வழக்கந்தான், திருவிழாவும் அதனால் நடைபெறுகிறது. ஆயினும் ஏட்டிற் கழியும் காசைப் பிள்ளை காண்பதில்லை. தாயின் கை கலயத்திற்குச் செல்வதையோ நாள்தோறும் காணும். மூன்று வயதிலேயே தானும் ஒரு பிடி அள்ள முந்தும். பாதி தரையிற் சிந்தும். சிந்தட்டும்.

இன்று கலயம் இல்லாத வீடுகளில் வெறும் பால்மா டின் ஒன்று போதும். சம்பள நாளில், கடைக்கடன் தீர்க்குமுன், பிள்ளையின் கையால் ஒரு நாணயம் அதில் விழலாம். நிறைந்தபின் அது யாருக்கு என்பதையும் பிள்ளையே சொல்லட்டும்: அடுத்த லயத்திற் படுத்திருக்கும் பாட்டிக்கு மருந்து வாங்கவோ, பரீட்சை எழுதப் பதுளைக்குச் செல்லும் அக்காளுக்குப் பஸ் கட்டணத்திற்கோ.