நிலைச் சோதனை மடக்கு

நிலைச் சோதனை மடக்கு என்பது, வன்பொருள் தனக்கு இடப்பட்ட வேலையை முடித்துவிட்டதா என அறிய, அதன் நிலைப் பதிவகத்தைச் சாதன இயக்கி திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் நிரல் பகுதி ஆகும். இம்முறை போலிங் எனப்படும். சாதனத்தை மீட்டமைத்தல் போன்று, சில மைக்ரோநொடிகளில் முடியும் வேலைகளுக்குக் குறுக்கீட்டைக் காட்டிலும் இது எளிது.

சிக்கல்கள்

ஒவ்வொரு இயக்கியிலும் இம்மடக்கைத் தனித்தனியே எழுதும்போது மூன்று பிழைகள் நேரலாம்.

1. கால வரம்பு இல்லாமை: வன்பொருள் பழுதடைந்து பதில் தராவிட்டால் மடக்கு முடிவதே இல்லை.

2. சுற்றுகளை எண்ணுதல்: 'ஆயிரம் முறை படி' என்று மட்டும் எழுதினால், காத்திருக்கும் நேரம் செயலி, பாட்டை ஆகியவற்றின் வேகத்துக்கேற்ப மாறும். ஒரு கணினியில் சரியாக இயங்கும் இயக்கி மற்றொன்றில் தோல்வியடையலாம்.

3. பொய்யான தோல்வி: மடக்கு சற்று உறங்கி விழிப்பதற்குள், வேறு பணிகளின் நெருக்கடியால் கால வரம்பு கடந்திருக்கலாம். அதற்குள் வன்பொருள் வேலையை முடித்திருக்கும். பதிவகத்தை மறுபடி படிக்காமல் நேரத்தை மட்டும் பார்க்கும் மடக்கு, நல்ல சாதனத்தைப் பழுதானது என அறிவித்துவிடும்.

லினக்ஸில் தீர்வு

லினக்ஸ் கருனியில் ஐஓபோல் என்ற தலைப்புக் கோப்பு இதற்கான மேக்ரோக்களைத் தருகிறது. அவற்றுள் ஒன்றான ரீட்எல்_போல்_டைம்அவுட், 32 பிட் பதிவகங்களைப் படிக்கிறது. பதிவக முகவரி, மதிப்பைச் சேமிக்கும் மாறி, நிபந்தனை, உறக்க நேரம், கால வரம்பு ஆகிய ஐந்தையும் இதற்கு அளிக்க வேண்டும். நேரங்கள் மைக்ரோநொடியில் குறிக்கப்படும்.

'முதல் பிட் 1 ஆகும்வரை, படிப்புகளுக்கிடையே 10 மைக்ரோநொடி வரை உறங்கி, 1000 மைக்ரோநொடி வரை காத்திரு' என்பதை ஒரே கூற்றாக எழுதலாம். நிபந்தனை நிறைவேறினால் 0 கிடைக்கும். இல்லையேல் காலம் கடந்ததைக் குறிக்கும் எதிர்ம பிழை எண் கிடைக்கும். கால வரம்பு கடந்ததும் மேக்ரோ பதிவகத்தை இறுதியாக ஒருமுறை படித்த பின்னரே முடிவைச் சொல்வதால், மூன்றாவது பிழை தவிர்க்கப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

குறுக்கீட்டுக் கையாளி, சுழல் பூட்டு போன்ற உறங்கக் கூடாத இடங்களில், பெயரின் இறுதியில் அட்டாமிக் என்று முடியும் வடிவத்தையே பயன்படுத்த வேண்டும். அது உறங்காமல், செயலியைப் பிடித்துவைத்தபடி காத்திருக்கும். எனவே அங்கு வரம்பு சிறிதாக இருக்க வேண்டும். கால வரம்பை 0 எனக் கொடுத்தால் வரம்பே இல்லை என்று பொருள். முதல் பிழை மீண்டும் வந்துவிடும். திரும்பிவரும் மதிப்பைச் சோதிக்காமல் விட்டாலும் பயனில்லை: தயாராகாத சாதனத்துக்கே இயக்கி அடுத்த கட்டளையை அனுப்பிவிடும்.