போல்ட்டைக் காரின் பெயரால் தேடாதீர்கள்... அளவால் தேடுங்கள்!

“எங்கள் வீட்டில் பழைய அம்பாசடர் கார் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றியபோது இரண்டு ஸ்டட்கள் வீணாகிவிட்டன. கடைகளில் கேட்டால், ‘வண்டியே நின்னு போச்சு, போல்ட்டுக்கு எங்கே போறது?’ என்கிறார்கள். பழைய போல்ட்டையே திரும்பப் போடலாமா? லேத்தில் கொடுத்துச் செய்து வாங்கலாமா?”

- வாசகர், சத்துவாச்சாரி.

பழைய காரை வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. தவறான ஒரு போல்ட் ஓட்டத்தில் முறிந்தால் எஞ்சினே போய்விடும். அந்தச் செலவில் வேறு பழைய வண்டியே வாங்கிவிடலாம். போல்ட் கிடைக்கவில்லை என்பதற்காக, ஓடக்கூடிய வண்டியைக் காயலாங்கடைக்குத் தள்ளிவிடுவதும் நஷ்டம்தான்.

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. ஆனால், கார் நின்றுவிட்டால் அதன் போல்ட்டும் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. போல்ட்டுக்கு அடையாளம் காரின் பெயர் அல்ல. மரை, பருமன், நீளம், பலம் ஆகிய நான்கும்தான். இவை தெரிந்தால், கார் பெயரைச் சொல்லாமலேயே பெரும்பாலான போல்ட்களை வாங்கிவிடலாம்.

இஞ்சு மரையா, மில்லி மரையா?

அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. அதில் இருப்பது ‘யு.என்.எஃப்.’ எனப்படும் இஞ்சு மரை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க நட்டும் ஆங்கிலேய போல்ட்டும் ஒன்றுக்கொன்று சேராமல் பெரும் சிக்கல் ஏற்பட்டது. அதனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948-ல் கூடி ஒப்புக்கொண்ட பொது மரை இது. பின்னாளில் அம்பாசடரில் வந்த இசுசு 1800 எஞ்சின் ஜப்பான் வடிவமைப்பு. அதில் இருப்பது மில்லி மரை. பத்மினியின் ஃபியட் எஞ்சினும், மாருதி 800 எஞ்சினும் மில்லி மரைதான். ஆகவே, வண்டி அம்பாசடர் என்பது மட்டும் போதாது. எந்த எஞ்சின் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பட்டறையில் ‘இரண்டரை நூல்’ என்று சொல்லும் 5/16 இஞ்சு போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லி போல்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு மயிரிழைதான். ஒன்றின் துளையில் மற்றொன்று இரண்டு, மூன்று சுற்று ஏறும். அதற்குமேல் இறுகும். ‘பிடிக்குது’ என்று ஸ்பானரைப் போட்டு முறுக்கினால், எஞ்சின் பிளாக்கின் மரை உரிந்துவிடும்.

மரையை அளப்பது எளிது. போல்ட்டின்மீது ஸ்கேலை வைத்து, ஓர் இஞ்சு நீளத்தில் எத்தனை மரை இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று நூல் (3/8 இஞ்சு) யு.என்.எஃப். போல்ட்டில் 24 மரை இருக்கும். அதே பருமனில் யு.என்.சி. என்றால் 16 மரைதான். நாலு நூல் (1/2 இஞ்சு) யு.என்.எஃப். என்றால் 20 மரை. மில்லி போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தைச் சொல்வார்கள். 10 மில்லி போல்ட்டில் 1.5, 1.25 என இரண்டு வகையும் புழக்கத்தில் உண்டு. ‘திரெட் கேஜ்’ கருவி இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ஸ்டட்டில் பிளாக்குக்குள் இறங்கும் முனையில் ஒரு மரையும், நட் ஏறும் முனையில் வேறு மரையும் இருப்பதுண்டு. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

தலையில் எழுதியிருக்கும் பலம்

மில்லி போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கும். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவையைத் தாங்கிய பிறகுதான் அறும். அதில் 80 சதவிகித இழுவை வரைக்கும், விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அமெரிக்க முறை இஞ்சு போல்ட்டில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் இருக்கும். மூன்று கோடு ஏறக்குறைய 8.8-க்கும், ஆறு கோடு 10.9-க்கும் சமம். தலையில் எந்தக் குறியும் இல்லாத போல்ட்டை எஞ்சினுக்குள் போடவே கூடாது.

‘எஸ்.எஸ். போல்ட் போடுங்க, துருவே பிடிக்காது’ என்று சிலர் சொல்வார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், பலத்தில் 8.8-ஐவிடக் குறைவு. மூடி, பிராக்கெட் போன்ற இடங்களுக்குச் சரி. ஹெட்டுக்குச் சரிவராது.

எங்கே தேடுவது?

முதல் இடம், டிராக்டர் உதிரிபாகக் கடை. பழைய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் உள்ள, பெர்கின்ஸ் வழிவந்த சிம்சன் எஞ்சின்களிலும் இஞ்சு மரை உண்டு. அதனால் யு.என்.எஃப். போல்ட்டும் நட்டும் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, தொழிற்சாலைகளுக்கு போல்ட் விற்கும் கடைகள். அங்கே ‘அம்பாசடர் போல்ட்’ என்று கேட்காமல், ‘மூணு நூல், யு.என்.எஃப்., மூன்று இஞ்சு நீளம், ஆறு கோடு’ என்று உங்கள் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

சென்னையில் புதிய உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர்பெற்றவை. பழைய போல்ட்டையே மாதிரியாகக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. அம்பாசடர் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்கள்தான் எம்.ஜி. போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் இருந்தன. அந்தக் கார்களை பிரிட்டனில் ஆசையாகப் பராமரிப்பவர்கள் நிறைய இருப்பதால், ஹெட் ஸ்டட் உட்பட உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. நீளத்தையும் மரையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வரவழைக்க வேண்டும்.

பழையதைத் திரும்பப் போடலாமா?

போடலாம், சோதித்த பிறகு. அளவோடு இறுக்கிய போல்ட் ரப்பரைப் போலக் கொஞ்சம் நீண்டு, கழற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். அளவு மீறி இறுக்கியிருந்தால் நீண்டது நீண்டதுதான். அதை மறுபடி நம்ப முடியாது. இதைக் கண்டுபிடிக்க நான்கு சோதனைகள்:

1. ஒரே வகை போல்ட்களை வரிசையாக நிறுத்துங்கள். ஒன்று மட்டும் உயரமாக இருந்தால் அது நீண்டுவிட்டது.

2. வெர்னியரால் உடல் முழுக்க அளந்து பாருங்கள். ஓரிடத்தில் இடுப்பு சிறுத்திருந்தால் கழித்துவிடுங்கள்.

3. கம்பி பிரஷால் சுத்தம் செய்து, புது நட்டைக் கையால் கடைசி வரை ஏற்றுங்கள். நடுவில் இறுகினால் மரை இழுபட்டிருக்கிறது.

4. துரு தின்ற குழி, கீறல், மரையில் உடைசல் இருந்தால் கழித்துவிடுங்கள்.

கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை போதாது. ஒவ்வொரு சுற்றிலும் இழுபடுவது அதுதான். அது முறிந்தால் ராடு பிளாக்கையே உடைத்து வெளியே வந்துவிடும். எஞ்சினைப் பிரித்தால் அவற்றைப் புதிதாக மாற்றுவதே நல்லது. மடக்கு வாஷரையும் ஸ்பிளிட் பின்னையும் ஒருபோதும் மறுமுறை போடக் கூடாது. புதிய ரக எஞ்சின் பலவற்றில், அளவுக்கு இறுக்கிய பிறகு ‘இன்னும் 90 டிகிரி திருப்பு’ என்பதுபோலக் கையேட்டில் இருக்கும். அந்த வகை போல்ட்டைப் பெரும்பாலும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அந்த எஞ்சினின் கையேடு சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

லேத்தில் செய்தால் நிற்குமா?

தோல் ஷாப்பு எந்திரங்களைச் சரிசெய்து பழகிய டர்னர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. கைவேலை சுத்தமாக இருக்கும். ஆனால், சாதாரண இரும்புக் கம்பியில் கடைந்த போல்ட், பார்க்க அசலைப் போல இருந்தாலும் பலத்தில் பாதிகூட இராது. ஹெட் ஸ்டட் செய்வதென்றால் ஈ.என்.19 அல்லது ஈ.என்.24 எஃகு வேண்டும். சூட்டுப்பதம் ஏற்றிய கம்பியாகவே கேட்டு வாங்க வேண்டும்.

கம்பெனி போல்ட்டின் மரையை வெட்டுவதில்லை. அழுத்தி உருட்டி எடுக்கிறார்கள். மரத்தின் நார் அறுபடாமல் வளைவதுபோல, எஃகின் நாரும் மரையோடு வளைந்து போகும். லேத்தில் வெட்டும்போது அந்த நார் அறுபடுகிறது. அதனால் லேத் போல்ட்டை மேனிஃபோல்டு, மூடி, பிராக்கெட்டுகளுக்குத் தாராளமாகப் போடலாம். வேறு வழியே இல்லையென்றால், நல்ல எஃகில் ஹெட் ஸ்டட் வரை போகலாம். கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேண்டவே வேண்டாம். பளபளப்புக்காக முலாம் பூசக் கொடுப்பதும் ஆபத்து. முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால், கடினமான எஃகு பிறகு திடீரென முறியும். முறிந்த போல்ட்டை வெல்டிங் வைத்து ஒட்டிப் போடுவதும் கூடாது.

பிளாக்கின் மரை உரிந்திருந்தால் பயப்பட வேண்டாம். ‘ஹெலிகாயில்’ எனப்படும் எஃகுச் சுருளை உள்ளே இறக்கினால் பழைய அளவு மரையே திரும்பக் கிடைக்கும்.

ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர்?

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு நிலத்தடி நீரின் கதை தெரியும். தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை, 1996-ல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. அந்த உப்பு நீர் பயிரை மட்டும் கெடுப்பதில்லை. ரேடியேட்டரில் ஊற்றினால், எஞ்சினுக்குள் தண்ணீர் படும் ஸ்டட்களையும் துரு தின்னும். கழற்றும்போது ஸ்டட் முறிய இது முக்கியக் காரணம். பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றினால் அடுத்த முறை ஸ்டட் தானாகக் கழன்று வரும்.

பூட்டும்போது...

துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும் அழுத்தத்தில் பிளாக் விரிசல் விடும். ஹெட்டை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம்.

இந்த விவரமெல்லாம் டிராக்டருக்கும் டீசல் பம்ப்செட்டுக்கும் பொருந்தும். அடுத்த முறை எஞ்சினைப் பிரிக்கும்போது, ஓர் அட்டையில் ஹெட்டின் படத்தை வரைந்து, எந்தத் துளையில் இருந்த போல்ட்டோ அதே இடத்தில் அட்டையைக் குத்திச் செருகிவையுங்கள். பக்கத்திலேயே மரை, பருமன், நீளம், தலைக்குறி ஆகியவற்றை எழுதிவிடுங்கள். அந்த அட்டை வீட்டில் இருந்தால், வண்டி எப்போதோ நின்று போயிருந்தாலும் அதன் போல்ட்டைக் கடையில் தேடி வாங்க முடியும்.