கதை எங்கே நழுவியது?

தொலைபேசி விளையாட்டு விளையாடியிருப்பீர்கள். முதல் மாணவர் காதில் சொன்ன வாக்கியம் கடைசி மாணவரைச் சேரும்போது அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே ஒரு சோதனையாக மாற்றினார்கள்.

பெரியவர்கள் 72 பேர், வரிசைக்கு 8 பேர். சில வரிசைகளில் அனைவரும் ஆட்டிசம் உள்ளவர்கள். சிலவற்றில் எவருக்கும் ஆட்டிசம் இல்லை. மற்றவற்றில் இரு வகையினரும் மாறி மாறி இருந்தனர். முதலாமவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பேசிப் புரியவைக்க வராது என்றுதானே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம்? 2020-இல் வெளியான முடிவு வேறு. அவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை மற்றவர்களுக்கு இணையாகவே போய்ச் சேர்ந்தது. கலப்பு வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன.

அப்படியானால் குறை யாரிடம்? ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-லேயே இதற்குப் பதில் எழுதியிருந்தார்: சிக்கல் ஒருவருக்குள் இல்லை, இருவருக்கும் நடுவில் இருக்கிறது. அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை. இதை ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்றார். மூளைகள் பல விதமாக இயங்குவதை நரம்பியல் பன்மை என்கிறோம். டிஸ்லெக்சியாவும் அதில் சேரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 300-க்கும் அதிகமானோரை வைத்து அதே சோதனையை மீண்டும் நடத்தி 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். இம்முறை கலப்பு வரிசையும் பின்தங்கவில்லை! அறிவியலில் இது வழக்கம்தான். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களுக்கு இணையாகத் தகவலைச் சேர்க்கிறார்கள் என்பது இரண்டு முறையும் மாறவில்லை.

இனி உங்கள் வகுப்புக்கு வருவோம். குழுவேலையில் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசுகிறார். கவனிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்பது ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிரமம். பார்வையை விலக்கினால்தான் காது நன்றாக வேலை செய்யும். “அப்புறம் அனுப்பு” என்பதைவிட “வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் 3 படங்கள் அனுப்பு” என்று எழுதிக் கொடுங்கள். (உண்மையில் இது குழுவில் எல்லாருக்குமே உதவும்.)

இடைவேளையில் பள்ளி உணவகத்தின் இரைச்சல் சிலருக்குத் தாங்க முடியாத அளவு பெரிதாகக் கேட்கும். “நூலகத்தில் சந்திக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். “வேண்டாம், உணவகமே பரவாயில்லை” என்றும் பதில் வரலாம். ஆட்டிசம் உள்ள இருவர் ஒரே மாதிரி இருப்பதில்லை.