ரோமத்துக்குள் ஒளிந்த தையல்

டெட்டி கரடி பிறக்கும்போது அதன் உடம்பில் ஒரு ரோமம்கூடத் தெரியாது! மிஷினிலிருந்து இறங்கி மேசையில் விழுவது ஒரு மொட்டைத் துணிக்குழாய். துணியின் கெட்ட பக்கம் வெளியே இருக்கும், பேனாவால் வரைந்த கோடு இருக்கும், நூல்முனைகள் தொங்கும். இதுதான் கரடியின் கை என்று யாராவது சொன்னால்தான் உண்டு. அடுத்த நொடி ஒரு மழுங்கிய குச்சி உள்ளே போகிறது, நுனியைத் தள்ளுகிறது, விரல்கள் இழுக்கின்றன, பொசுக்கென்று தங்க நிற ரோமம் பொங்கி வெளியே வருகிறது. எத்தனை முறை பார்த்தாலும் கைதட்டத் தோன்றும் காட்சி இது.

இந்த வித்தையின் தாய்வீடு தெற்கு ஜெர்மனியில் இருக்கிறது. கீங்கன் என்ற சிற்றூர். அங்கே 1847-இல் பிறந்த மார்கரெட்டே ஸ்டைஃப், ஒன்றரை வயதில் போலியோவால் நடக்க முடியாமல் போனவர். வலக்கையிலும் வலு இல்லை. அந்தக் காலத்துத் தையல் மிஷினின் சக்கரத்தை வலக்கையால்தான் சுற்ற வேண்டும். அவர் மிஷினையே திருப்பி வைத்துக்கொண்டு இடக்கையால் சுற்றினார்! அப்படித் தைத்த குட்டி ஃபெல்ட் யானைகள் குண்டூசி குத்திவைக்கும் மெத்தைகளாகத்தான் கிளம்பின. குழந்தைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு விளையாட ஓடிவிட்டார்கள். ஒரு பொம்மை நிறுவனமே அந்த யானையின் முதுகில் ஏறி வந்தது.

கரடி அவருடைய சகோதரரின் மகன் ரிச்சர்டின் வேலை. ஸ்டுட்கார்ட்டில் கூண்டுக் கரடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர், 1902-இல் கைகால் அசையும் கரடி ஒன்றை உருவாக்கினார். பெயர் ‘55 பிபி’. சென்டிமீட்டரில் அளவு, பிறகு பிளஷ் என்ற ரோமத்துணி, பிறகு அசையக்கூடியது, அவ்வளவுதான். 1903 வசந்தத்தில் லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1907-இல் அந்த ஊர் செய்து தள்ளிய கரடிகள் 9,74,000! அந்த முதல் ரகத்தில் ஒன்றுகூட இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இத்தனை தையலும் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டுமே! 1903-இல் எழுந்த அந்தத் தொழிற்கூடத்துக்குத் தரையிலிருந்து கூரை வரை சுவரே கண்ணாடி. தைப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகக் கட்டியது. உள்ளே வரிசையாக உட்கார்ந்து தைத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஊர்க்காரர்கள் அதற்கு ‘கன்னிப்பெண்கள் மீன்தொட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது.

சரி, துணிக்கு வருவோம். நல்ல கரடிக்கு ரோமம் அங்கோரா ஆட்டிலிருந்து வருகிறது. மோஹேர் என்பார்கள், பளபளவென்று இருக்கும். அது துணியாகும் விதம்தான் எனக்கு மிகப் பிடித்த ரகசியம். தறியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு துணிகளை ஒரே நேரத்தில் நெய்கிறார்கள். ரோம நூல் மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் இடையே ஏறி இறங்கி இரண்டையும் கட்டிப்போடுகிறது. நெய்து வரும்போதே நடுவில் ஒரு கத்தி குறுக்கே ஓடி ரோமத்தை அறுக்கிறது. இரண்டு பிளஷ் துணிகள் பிரிந்து, முகத்தோடு முகம் பார்த்தபடி வெளியே வருகின்றன!

வெட்டுவதில்தான் கை நிதானம் தெரியும். ரோமத்துக்குத் திசை உண்டு. மேலிருந்து கீழே தடவினால் படியும், எதிரே தடவினால் சிலிர்க்கும். ஒவ்வொரு பேட்டர்ன் துண்டிலும் அம்புக்குறி போட்டிருப்பது இதற்காகத்தான். ஒரு காலை மட்டும் தலைகீழாக வெட்டிவிட்டால் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, ஒரு கால் வெளிறியும் ஒரு கால் கறுத்தும் நிற்கும். கத்தரியும் கெட்ட பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். அதுவும் நுனி மட்டும், அடித்துணியை மட்டும் கடித்துக்கொண்டு. சாதாரணத் துணிபோல முழுக் கத்தரியையும் ஓட்டினால் ரோமம் கொத்தாக அறுந்து, தையலோரம் சொட்டை விழும்.

தைக்கும்போது இரண்டு ரோமப் பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அதனால் முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, வெளியே நீட்டும் ரோமத்தையெல்லாம் ஊசி நுனியால் உள்ளே தள்ளி, பிறகுதான் மிஷின். குழந்தைப் போர்வைக்குப் பின்துணியாக மிங்கி என்ற மெத்தென்ற துணியை வைத்துத் தைப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். பாலியெஸ்டரில் பின்னிய அந்தத் துணி வழுக்குவதோடு நிற்காமல் இழுபடவும் செய்யும். மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டும் கொஞ்சம் நீளமான தையலும் இருந்தால் சொன்ன பேச்சு கேட்கும். சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது மாயாஜாலம்! திருப்பிய கரடிக்கையில் தையல் ஒரு கோடாகத் தெரிகிறது. ஊசியை எடுத்து, கோட்டில் மாட்டிக்கொண்ட ரோமங்களை மெல்ல மெல்ல நெம்பி வெளியே எடுக்கிறார்கள். பிறகு பிரஷ். கோடு எங்கே? காணோம்! இத்தனை பாடுபட்டுப் போட்ட தையல், கண்ணுக்குத் தெரியாமல் போவதற்காகவே போட்டது. வேறெந்தத் தையல்காரரும் தன் வேலையை இவ்வளவு சந்தோஷமாக மறைப்பதில்லை என்று சத்தியம் செய்யத் தயார்.

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் வட்டத் தகடுகள் உட்கார்ந்து மூட்டுகளாகின்றன. பழைய முறையில் உள்ளே அடைப்பது பஞ்சு அல்ல, நூல்போல் சீவிய மரச்சுருள். அமுக்கினால் நறநறவென்று சத்தம் வரும். மூக்கு நுனியில் கல்போல இறுக்கி அடைத்தால்தான் அதன் மேல் மூக்கைத் தையலிட முடியும். ஆரம்பக் கரடிகளுக்குக் கண்கள் பூட்ஸ் பொத்தான்கள்! 1904-இல் காதிலும் ஒரு உலோகப் பொத்தான் ஏறியது, போலிகளிலிருந்து பிரித்துக் காட்ட.

அந்தக் காதைப் பிடித்துப் பார்க்கத்தான் எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் நெற்றியைப் பாருங்கள். மோஹேர் விலையுள்ள துணி, துண்டு துணுக்கைக்கூட வீசமாட்டார்கள். பழைய கரடிகளைச் சேகரிப்பவர்கள் சொல்லும் கணக்கு இது: துணியில் ஆறு தலைகளுக்கு நடுத்துண்டு முழுசாகக் கிடைக்கும், ஏழாவதுக்கு இரண்டு மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். அந்த ஏழாவதைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். நூறு வயதான ஸ்டைஃப் கரடி எங்காவது கைக்குக் கிடைத்தால் நெற்றி ரோமத்தை விரலால் விலக்குங்கள். உச்சியிலிருந்து மூக்கு வரை ஒரு கோடு ஓடுகிறதா? பிடித்துவிட்டீர்கள், அது ஏழாவது!