‘மாமா வீட்டில் இல்லை, அங்கிள்!’

அப்போது எனக்கு வயது பதினான்கு. சுங்கை சிப்புட்டில் பாட்டி வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோளில் பையும் கையில் பழுப்பு நிற உறையுமாக இறங்கியவர், “தம்பி, மாமா இருக்காரா?” என்று கேட்டார்.

மாமா சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். “இல்லை, அங்கிள்” என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மாமா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அந்த மனிதர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார். அடுத்த இரண்டு வாரங்களில் மேலும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

மாமா என் தலையைத் தடவி, “கெட்டிக்காரன்” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்று நான் சொன்ன பொய் மாமாவைக் காப்பாற்றவில்லை. அவர் பேச வேண்டிய ஒரே வாய்ப்பை மூடிவிட்டது. இது புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

இன்று நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். சிறுவயதில் வீட்டுக்கு வரும் மலாய்க் கடிதங்களைப் பாட்டிக்கு வாசித்துச் சொல்வது என் வேலை. உங்களில் பலரும் அந்த வேலையைச் செய்பவர்களாகவே இருப்பீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

வந்தவர் யார்?

நம் வீடுகளில் ‘சமான்’ என்றாலே போக்குவரத்து அபராதம்தான் நினைவுக்கு வரும். போலீஸ் சமான் வந்தால் தள்ளுபடி அறிவிக்கும்வரை காத்திருக்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். நீதிமன்றத்திலிருந்து வரும் சம்மன் அப்படிப்பட்டதன்று. உங்கள்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்திருக்கிறார், பதில் சொல்லுங்கள் என்று அழைக்கும் ஆவணம் அது.

அந்த ஆவணத்தை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நீதிமன்றத்தில் அந்தப் பதவிக்கு மலாயில் ‘பெங்ஹந்தார் நோட்டிஸ்’ என்று பெயர். கடன் பாக்கி போன்ற சிவில் வழக்குகளில் வழக்கறிஞர் அலுவலகத்துக் குமாஸ்தாக்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அப்படி ஒரு குமாஸ்தாதான். பொருளைப் பறிமுதல் செய்ய அவர் வரவில்லை. அது பெய்லிஃப் எனப்படும் நீதிமன்ற அதிகாரியின் வேலை. வழக்கு முடிந்து, தீர்ப்பு வந்த பிறகும் பணம் கட்டாவிட்டால்தான் அவர் வருவார். இந்த இருவரையும் ஒருவரென நினைத்துத்தான் நம் மக்கள் கதவைச் சாத்துகிறார்கள்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது நீதியின் அடிப்படை விதி. மறுதரப்பு பேச வேண்டுமானால், தன்மேல் வழக்கு இருப்பது அதற்குத் தெரிய வேண்டும். அதைத் தெரியப்படுத்துவதே இவருடைய வேலை. ஆவணத்தைச் சேர்த்ததும், யார், எந்த நாள், எந்த இடத்தில், எப்படிச் சேர்த்தார் என்பதைச் சத்தியப் பிரமாணமாக எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதில் பொய் எழுதினால் அவரே சட்டத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

வாங்காவிட்டால் வழக்கு இல்லையா?

“கையில் வாங்கினால்தான் கேஸ். வாங்கலேன்னா கேஸே இல்லை.” எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியது இதைத்தான். சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது.

மலேசியாவில் சிவில் வழக்குகளை நடத்தும் முறையை 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் வகுத்துள்ளன. அவற்றின்படி, வழக்கைத் தொடங்கும் ரிட் சம்மனைப் பிரதிவாதியின் கையில் நேரில் கொடுக்கலாம். அல்லது, கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு ஏற்பு அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பலாம். நேரில் கொடுக்கும்போது ஒருவர் வாங்க மறுத்தால், இது இன்ன ஆவணம் என்று சொல்லி அவர் முன்னால் வைத்துவிட்டு வந்தாலும் சேர்த்ததாகவே கொள்ளப்படும்.

ஆளே அகப்படாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை முறை முயன்றோம் என்பதைக் காட்டி, மாற்று வழியில் சேர்க்க நீதிமன்றத்திடம் அனுமதி கேட்பார்கள். அனுமதி கிடைத்தால் நகலை வீட்டுக் கதவில் ஒட்டலாம், நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், நாளிதழில் விளம்பரம் செய்யலாம். பத்திரிகையின் பின்பக்கங்களில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு வரும் பொடி எழுத்து அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இந்த வகைதான். அந்த நபர் படித்தாரோ இல்லையோ, நீதிமன்ற உத்தரவின்படி செய்து முடித்தால் ஆவணம் சேர்ந்துவிட்டது என்றே கணக்கு.

அன்றிலிருந்து 14 நாள்கள். அதற்குள் ‘இந்த வழக்கில் நானும் பதில் சொல்லப் போகிறேன்’ என்று நீதிமன்றத்தில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், வழக்குத் தொடுத்தவர் விசாரணையே இல்லாமல் தமக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கேட்கலாம்.

குற்றவியல் வழக்குகளின் சம்மனுக்கு விதி வேறு. தேடியும் ஆள் கிடைக்காவிட்டால், அவருடன் வசிக்கும் குடும்பத்தில் வயதுவந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்திலும் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். ஆனால் ஆரம்பத்தில் வயதுவந்த ‘ஆண்’ உறுப்பினரிடம் மட்டுமே கொடுக்க முடியும் என்றிருந்தது. பெண்ணிடமும் கொடுக்கலாம் என்று திருத்தம் வந்தது 1976இல்தான். வீட்டுக்கு வரும் தாளை வாங்கிப் படித்து முடிவெடுக்கும் தகுதி யாருக்கு உண்டு என்பதில்கூடச் சட்டம் அவ்வளவு காலம் பிடித்து மாறியிருக்கிறது.

தோட்டம் போனது, முகவரி போகவில்லை

இந்த விதிகளில் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான சொல் ‘கடைசியாகத் தெரிந்த முகவரி’.

எல்பில், டோவன்பி, ஹீவுட், கமுனிங் என்று சுங்கை சிப்புட்டைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். எங்கள் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்துக்கே ஒரு முகவரிதான். எல்லாருடைய கடிதமும் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். லயத்தில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது மக்கள் தாமான்களுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறிப் போனார்கள். லயம் போய்விட்டது, கிராணியும் இல்லை. பலருடைய அடையாள அட்டையில் மட்டும் அந்தத் தோட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறது.

மாமாவின் அட்டையிலும் அப்படித்தான். கடன் பத்திரத்தில் அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தார். அவருக்கு முதலில் அனுப்பிய பதிவுத் தபால்கள் தோட்டத்துக்குப் போய்த் திரும்பின. அதன் பிறகுதான் குமாஸ்தா எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார்.

இந்தக் கட்டுரைக்காக, ஈப்போ வழக்கறிஞர்களிடம் பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் பேசினேன். அவர் மாமாவைத் தேடி வந்தவர் அல்லர். பழைய தோட்ட முகவரிதான் தன்னை அதிகம் அலையவிட்டது என்றார். கோயிலில் விசாரிப்பாராம், மளிகைக் கடையில் விசாரிப்பாராம். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பொருந்தினால்தான் கொடுக்க முடியும். வேலைக்குப் போகிறவர்களைப் பிடிக்க விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். நாய் துரத்தியிருக்கிறது, ஆள்களும் துரத்தியிருக்கிறார்கள். சிறுபிள்ளைகள் வந்து “இல்லை” என்று சொல்லும்போது உள்ளே ஆள் இருப்பது எப்போதும் தெரியும் என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமாவுக்கு என்ன ஆனது?

மாமா தம் நண்பரின் காருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் தவணையை நிறுத்தினார். கார் இழுத்துச் செல்லப்பட்டது. மீதிப் பணத்துக்கு இருவர்மேலும் வழக்கு. நான் மூன்று முறை பொய் சொன்ன பிறகு, நீதிமன்ற அனுமதியுடன் ஒரு தாள் எங்கள் வீட்டு கேட்டில் ஒட்டப்பட்டது. மாமா அதைக் கிழித்துக் குப்பையில் போட்டார். 14 நாள்கள் ஓடின. தீர்ப்பு வந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து, தீர்ப்புத் தொகையை எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்று விசாரிக்க வேறொரு சம்மன் வந்தது. அப்போதுதான் மாமா பயந்து வழக்கறிஞரைப் பார்க்கப் போனார். ஒரு மைலோ டின்னில் நண்பர் கட்டிய சில தவணைகளின் ரசீதுகள் இருந்தன. வழக்கில் கேட்ட தொகையில் அவை கழிக்கப்படவில்லை. வழக்கறிஞர் பார்த்துவிட்டு, “இதை அப்போதே கொண்டுவந்திருக்கலாமே” என்றாராம்.

இப்படி வந்த தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்கலாம். அதற்கு, தீர்ப்புக் கிடைத்த 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எதிர்வாதம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். மாமாவிடம் ரசீது இருந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது. ஏன் தாமதம் என்ற கேள்விக்கு, ஒளிந்திருந்தேன் என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டார். சென்ற ஆண்டுதான் கட்டி முடித்தார்.

சேர்க்காமலே சேர்த்தேன் என்றால்?

தப்பு எப்போதும் ஒளிபவர்மேல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ‘சாக்கடைச் சேர்ப்பு’ என்றே ஒரு சொல் உண்டு. ஆவணத்தைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, கொடுத்தேன் என்று பிரமாணம் செய்வது. 2009இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர், இப்படிக் கிடைத்திருக்கலாம் என்று கருதப்பட்ட சுமார் 1,00,000 கடன் தீர்ப்புகளை ரத்துச் செய்யக் கோரி வழக்குத் தொடுத்தார். பாதிக்கப்பட்டவர்கள் தங்கள்மேல் வழக்கு இருந்ததே தெரியாதவர்கள். அடுத்த ஆண்டு நியூயார்க் நகரம், ஆவணம் சேர்ப்பவர்கள் போன இடத்தை ஜிபிஎஸ் மூலம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. மோட்டார் சைக்கிளில் மூன்று முறை வந்து, வெயிலில் நின்று, சிறுவனின் பொய்யையும் கேட்டுவிட்டுப் போன அந்த அங்கிள் எவ்வளவு நேர்மையானவர் என்று இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

கைப்பேசியில் அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் தொடங்கிவிட்டது. 2008இல் ஆஸ்திரேலியாவின் கன்பராவில் ஒரு நீதிமன்றம், கடன் வழக்கில் தீர்ப்பை ஃபேஸ்புக் வழியே தெரிவிக்க அனுமதித்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் வாட்ஸ்அப்பையும் ஏற்றது. ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீசைப் போலீசார் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று கூறிவிட்டது. கைது வரை போகக்கூடிய விஷயத்தில் ஆள் நேரில் வந்து கொடுப்பதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் கடிதம் வாசிப்பவர் நீங்கள் என்றால், இவற்றை நினைவில் வையுங்கள்.

வாங்குங்கள். வாங்கினேன் என்று கையெழுத்துப் போடுவது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். 14 நாள் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பாருங்கள். நீதிமன்றத்தின் பெயர், முத்திரை, வழக்கு எண், வழக்குத் தொடுத்தவர், கேட்கும் தொகை ஆகியவை இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், அந்த எண்ணுடன் நீதிமன்ற முகப்பிடத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள்.

ஏமாறாதீர்கள். “உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்” என்று தொலைபேசியில் மிரட்டுபவர் நீதிமன்ற ஊழியர் அல்லர். உண்மையான ஊழியர் ஆவணத்தைக் கொடுப்பார், பணம் கேட்க மாட்டார். பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

உதவி கேளுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவிலும் இயங்குகிறது.

முகவரியை மாற்றுங்கள். வீடு மாறினால் தேசியப் பதிவுத் துறையில் தெரிவிக்க வேண்டியது சட்டப்படி கடமை. கல்விக் கடன் வாங்கியவர்கள் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். படிப்பு முடிந்து ஊர் ஊராய் வேலை தேடப்போகும் நமக்கும் ஒரு ‘கடைசியாகத் தெரிந்த முகவரி’ இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. யாராவது உங்களுக்கு 5,000 ரிங்கிட்டுக்குள் பணம் தர வேண்டியிருந்தால், சிறு கோரிக்கை வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் தொடுக்கலாம். முத்திரையிட்ட படிவத்தை எதிர்த்தரப்பிடம் நீங்களே நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். அன்று கேட்டுக்கு வெளியே உறையுடன் நிற்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

சென்ற விடுமுறையில் மாமாவைப் பின்னால் உட்காரவைத்து, பதிவுத் துறை அலுவலகத்துக்கு மோட்டாரில் போனேன். புதிய அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் இல்லை. மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இனிமே யாராச்சும் தேடி வந்தா, இருக்கேன்னு சொல்லு” என்றார்.